நான்காவது மாத்திரை

எங்கள் மருந்துக்கடைச் சுவரில் மூன்று சட்டங்கள் தொங்கின. ஒன்றில் முருகன், ஒன்றில் இறந்துபோன தாத்தா, மூன்றாவதில் என் பட்டச் சான்றிதழ். காலையில் கடை திறந்ததும் அப்பா மூன்றுக்கும் பத்தி காட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்த மூன்றாவது சட்டம் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது. அதற்கு முன்பு விருதுநகர்க்காரர் ஒருவருடைய சான்றிதழை வாடகைக்கு வாங்கி மாட்டியிருந்தார். அந்த ஆளின் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. வெளியே இரவல் வாங்குவதை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளலாமே என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. அண்ணனுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு கசந்துவிட்டதால் என்னை மதுரைக்கு அனுப்பி மருந்தியல் படிக்க வைத்தார். பெண்ணைப் படிக்க வைத்த புரட்சிக்காரர் என்று அவரைப் பின்னால் சிலர் பாராட்டினார்கள். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டம்.

அந்தச் சட்டத்தை நம்பி எங்களிடம் மாத்திரை வாங்கித் தின்ற ஒரு பெண் செத்துப்போனாள். அவள் சாவில் எனக்குப் பங்கு உண்டு. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நடுவில் நான் கொஞ்சம் வேதியியல் பேசப்போகிறேன், அதைக் கேட்கும்போது நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எண்பதுகளில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ‘செட்டு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு வலி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் கடைக்காரரே சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகளுக்குச் செட்டு என்று பெயர். டப்பாக்களிலிருந்து உதிரியாக எடுத்து, பழைய பரீட்சைத் தாளைக் கிழித்து, அதில் வைத்து மடித்துக் கொடுப்போம். எங்கள் செட்டில் மூன்று இருந்தன. மஞ்சள் ஒன்று வலிக்கு. சின்ன வெள்ளை ஒன்று, அது ஸ்டீராய்டு. ரோஸ் நிறத்தில் ஒன்று, மென்று தின்கிற வயிற்று மாத்திரை. காலையில் ஒரு செட்டு, ஒரு டீ. அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை குனிந்து பருத்தி எடுக்கலாம், மிளகாய் பறிக்கலாம், கல் உடைக்கலாம். எந்த டாக்டர் எழுதினார், எத்தனை நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. மழை பார்த்து விவசாயம் நடக்கும் ஊர்களில் வேலை இருக்கும் நாட்கள் குறைவு. அந்த நாட்களில் இடுப்பு வலி என்று யாராலும் படுக்க முடியாது.

மஞ்சள் மாத்திரை வயிற்றைச் சுடும் என்பது அப்பாவுக்கு அனுபவத்தில் தெரியும். அதற்காகத்தான் ரோஸ் மாத்திரை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான், ஆனாலும் ஆட்டவாவது செய்தார். அந்த ரோஸ் மாத்திரையில் இருப்பது அலுமினிய உப்பும் மெக்னீசிய உப்பும். அலுமினியம் மட்டும் தின்றால் மலம் கட்டிக்கொள்ளும், மெக்னீசியம் மட்டும் தின்றால் வயிறு கழியும். இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஒன்றின் குறும்பை மற்றது அடக்கும். ஆனால் அவை வயிற்றில் ஏற்கெனவே ஊறிவிட்ட அமிலத்தைத்தான் தணிக்கும், ஊறுவதை நிறுத்தாது. ஒரு மணி நேரத்தில் வயிறு பழையபடி ஊற ஆரம்பித்துவிடும்.

ஊறுவதையே நிறுத்தும் மருந்தைப் பற்றி நான் மதுரையில் படித்தேன். அந்தப் பாடம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் நம் உடம்பிலேயே உண்டாகிறது. ஐந்து முனை கொண்ட சின்ன வளையம், அதன் பின்னால் ஒரு குட்டை வால், அவ்வளவுதான் அதன் உருவம். அது இரைப்பைச் சுவரில் உள்ள செல்லில் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் அமிலம் ஊறும். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பவைதான். ஆனால் அவை வயிற்றில் பலிக்கவில்லை, ஏனென்றால் வயிற்றில் உள்ள இடத்தின் அமைப்பு வேறு. அந்த இடத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்துவிட்டு எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும், அப்படி ஒரு மூலக்கூறு தேவைப்பட்டது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே கதை. துண்டு எந்த ஊருக்கும் போகப்போவதில்லை. ஆனால் ஊருக்குப் போக வந்தவர் அங்கே உட்காரவும் முடியாது.

அந்தத் துண்டைத் தேடிப் பல வருஷம் வேலை செய்திருக்கிறார்கள். ஹிஸ்டமினின் வாலை நீட்டிப் பார்த்தார்கள். முதலில் கிடைத்தது வீரியமில்லாத சரக்கு, வாய்வழியே கொடுத்தால் வேலைக்கு ஆகவில்லை. அடுத்தது நன்றாக வேலை செய்தது, ஆனால் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் கை வைத்தது. அதன் வால் நுனியில் ஒரு கந்தக அணு இருந்தது, பழியை அதன் மேல் போட்டு அதை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தார்கள். அதுதான் சிமெடிடின் என்று கடைக்கு வந்தது. பிறகு வேறொரு கூட்டத்தார், வளையமே ஹிஸ்டமின் மாதிரி இருந்தாக வேண்டுமா என்று கேட்டு, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆக்சிஜன் உள்ள வேறு வளையத்தை மாட்டினார்கள். அது ரானிடிடின். பேராசிரியர் இதைக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக அழித்து அழித்து வரைந்து காட்டிய நாளில், ஒரு அணுவை எடுத்து இன்னொன்றை வைத்தால் ஒரு மனுஷனின் வயிற்று வலி நிற்கும் என்ற எண்ணமே எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. விடுதிக்கு வந்து அந்தப் படங்களை நோட்டில் கலர் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டேன். மற்ற பெண்கள் கோலம் போட்டுப் பழகுவதாக நினைத்துக் கேலி செய்தார்கள்.

படிப்பு முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்த முதல் மாதமே அப்பாவோடு சண்டை. செட்டிலிருந்து சின்ன வெள்ளையை எடுக்க வேண்டும் என்றேன். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், உடம்பில் ஒரு தெம்பு வந்த மாதிரி காட்டும், முகத்தை ஊத வைக்கும், உள்ளே எலும்பையும் வயிற்றையும் அரிக்கும். வலி மாத்திரையோடு சேர்த்து அதைத் தினமும் தின்பது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். அப்பா எடுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு சந்தை நாள் ரெண்டு மாத்திரை செட்டு கொடுத்தோம். மூன்றாவது சந்தை நாளில் எங்களிடம் வாங்குகிற ஆட்கள் பாதிப் பேர் எதிரே இருந்த மருந்துக்கடையில் நின்றார்கள். மருந்து பிடிக்கவில்லை, பழைய கடையில் சத்தில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

“நீ குடுக்கலைன்னா அவுக திங்காம இருக்கப் போறாகளா பாப்பா?” என்றார். “எதுத்த கடையில வாங்கித் திம்பாக. நம்மகிட்ட வாங்குனாலாச்சும் வயித்துக்குக் கூட ஒண்ணு குடுக்கலாம். நீதான் படிச்சிருக்கியே, என்னத்தக் குடுக்கலாம்னு சொல்லு.”

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். சின்ன வெள்ளை திரும்ப வந்தது. அதோடு நான்காவதாக என் ரானிடிடினைச் சேர்த்தேன். அமிலம் ஊறினால்தானே புண் வரும், ஊறவே விடாமல் செய்துவிட்டால் அவர்கள் என்ன தின்றாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த யோசனை எந்தக் கடைக்காரருக்கும் வரவில்லை, எனக்கு வந்தது என்று பெருமைகூடப் பட்டேன். வந்த புதிதில் அதையும் உதிரியாகத்தான் தாளில் மடித்தேன். நாலு நாளில் ஈரம் குடித்து மாத்திரை மஞ்சளாகிக் கெட்ட வாடை அடித்தது. பிறகு வெள்ளித்தாள் அட்டையோடு ஒவ்வொன்றாகக் கத்தரித்து வைத்தேன். ஊர்க்காரர்கள் அதற்கு வெள்ளித்தாள் மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். ஒரே மாதத்தில் எங்கள் கடைக்கு மற்ற கடைகளைவிடக் கூட்டம் அதிகம்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. வலி மாத்திரை வயிற்றைச் சுடுவது அமிலத்தால் மட்டும் இல்லை. வலியை உண்டாக்கும் ஒரு பொருளை உடம்பு செய்ய விடாமல் அது தடுக்கிறது. அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையின் உள்சுவருக்கு வழவழப்பான பூச்சையும் கொடுத்துக் காக்கிறது. வலி மாத்திரை இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடும். பூச்சு உதிர்ந்த மண் சுவர் தூறலுக்கே கரையும், பெருமழை வர வேண்டியதில்லை. அமிலத்தைக் குறைத்தால் எரிச்சல் குறையும், சிறுகுடலில் வரும் புண் குறையும். இரைப்பையில் வரும் புண்ணை நான் கொடுத்த அளவு தடுக்காது. இந்தக் கடைசி விஷயம் பின்னால்தான் பாடப் புத்தகங்களில் வந்தது. ஆனால் பூச்சைப் பற்றிய விஷயம் அப்போதே இருந்தது. என் நோட்டிலேயே இருந்தது, வேறு அத்தியாயத்தில். இரண்டு அத்தியாயத்திலும் நல்ல மார்க் வாங்கினேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை.

அந்த அக்கா எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து சந்தை நாள்தோறும் பஸ்ஸில் வருவாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகள். பருத்திக்கும் மிளகாய்க்கும் கூலிக்குப் போகிறவள். விரல் நுனியெல்லாம் பருத்திக் காயின் முனை கீறிக் கீறி சொரசொரப்பாக இருக்கும். ஒரு வாரத்துக்கு ஆறு செட்டு வாங்குவாள். ஏழாவது நாள் சந்தைக்கு வரும் நாள், அன்றைக்கு வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும் என்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் மடித்துக் கொடுக்கும் தாளை விரித்து, இதில் எத்தனை மார்க் போட்டிருக்கு என்று கேட்பாள். தமிழ், முப்பத்தெட்டு என்பேன். பாஸா பெயிலா என்பாள். பாஸ் என்றால் யாரோ தன் பிள்ளை பாஸான மாதிரி சந்தோஷப்பட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். பெயிலான தாளில் மடித்துக் கொடுத்த மாத்திரை கேட்காது என்று ஒருநாள் வேறு தாள் கேட்டு வாங்கினாள். நானும் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கல்லாவில் உட்கார்ந்த வருஷங்களில் எனக்குப் பிடித்தவர்கள் என்று சிலர்தான் இருந்தார்கள், அவள் அதில் ஒருத்தி.

நான்காவது மாத்திரை சேர்ந்த பிறகு என்னை அதிகம் கும்பிட்டவள் அவள்தான். அதற்கு முன்னால் காலையில் செட்டு போட்டால் பத்து மணிக்கெல்லாம் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் வந்துவிடும், முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்வாளாம். இப்போது எரிச்சல் என்ற பேச்சே இல்லை. உன் கை ராசி தாயி என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு நான் அந்தக் கலர் பென்சில் நோட்டை எடுத்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். அக்காவின் முகம் உப்பிக் கன்னம் தளதளவென்று ஆனது. நிறமும் மாறியது. கரிசல் வெயிலில் காய்ந்து கருத்த முகம் மெல்ல வெளுத்து ஒரு மாதிரி மாநிறத்துக்கு வந்தது. கலர் வந்திருச்சே என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று கூச்சத்தோடு சொன்னாள். நானும் விடவில்லை. என்னக்கா, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீகளா, இல்லை உங்களுக்கா, பவுடர் எல்லாம் பலமாக இருக்கு என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உதடும் வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கேலி செய்தேன். கன்னம் ஊதியது சின்ன வெள்ளையால், நிறம் வெளுத்தது ரத்தம் போனதால் என்று பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது அக்காவின் ஊருக்கு வரும் நர்சுக்கு. அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். ரத்தம் ஏன் குறைகிறது என்று பார்க்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. கூலிக்காரப் பெண்களுக்கு ரத்தம் குறைவது அங்கே புதிதும் இல்லை. அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவராவது இமையை இழுத்துப் பார்த்தார்.

அடுத்து வந்த சந்தை நாளில் அக்கா உடனே மாத்திரை கேட்கவில்லை. அப்பா சரக்கு எடுக்க உள்ளே போகும்வரை கடை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவர் போனதும் பக்கத்தில் வந்தாள்.

“தாயி, ஒண்ணு கேக்கணும். ஆம்பளைக முன்னால கேக்க முடியாது. வெளிக்குப் போறது கரி கணக்கா இருக்கு.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அவர்கள் விடியும் முன்னே கருவேலங்காட்டுக்குள் போய்விட்டு வருகிறவர்கள், இருட்டில் எந்த நிறத்தைப் பார்ப்பது? மூன்று நாளைக்கு முன்னால் பருத்திக் காட்டில் நடுப்பகலில் வயிற்றைக் கலக்கிப் போக வேண்டி வந்ததால்தான் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்தை வேறு யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் சேர்த்து வைத்து, படித்த பொம்பளை என்று என்னிடம் கொண்டு வந்திருக்கிறாள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று. ஆமாம் என்றாள். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

“அதாங்க்கா. அது இரும்பு. வயித்துக்குள்ள போனா கருப்பாத்தான் ஆகும். பயப்படாதீக, நல்லதுதான்.”

இரும்பு குடலுக்குள் கந்தகத்தோடு சேர்ந்து கருப்பாவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கவும் செய்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரும்பு மாத்திரை தின்றால் கருப்பாகத்தான் போகும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கருப்பாகத்தான் போகும். இரண்டையும் பிரித்தறிய இரண்டு கேள்வி உண்டு. தார் மாதிரி ஒட்டுகிறதா? தாங்க முடியாமல் நாறுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது ரத்தம். பிறகு ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது. கேட்க எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு விடை வந்துவிட்டதால் மேலே கேட்கவில்லை. ஆறு செட்டு கட்டிக் கொடுத்தேன். தாளில் என்ன மார்க் என்று கேட்டாள். கணக்கு, எழுபத்தொன்று. ஆத்தாடி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு சந்தை நாள் வரவில்லை. பருத்தி முடிந்து மகளோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சந்தை நாளில் மகள் வந்தாள். இருபது வயசுப் பெண், அம்மாவோடு ஒரு தடவை வந்திருக்கிறாள். அப்பாவும் கடையில் இருந்தார்.

அம்மாவுக்குக் கொடுக்கும் அதே செட்டு வேண்டும் என்றாள். அம்மா எங்கே என்று கேட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆச்சு என்றாள். காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவள் திடீரென்று உட்கார்ந்து, காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள். பிறகு சிவப்பாகவே எடுத்திருக்கிறாள். வந்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றியிருக்கிறார்கள். டவுன் வருவதற்குள் மகள் மடியிலேயே முடிந்துவிட்டது. இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். பதினெட்டு நாளாகப் பலரிடம் சொல்லிப் பழகியிருந்தது. கடைசியில் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல ஒன்று சொன்னாள்.

“அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வயிறு வலிக்கவே இல்லக்கா. அந்த வெள்ளித்தாள் மாத்திரையாலதான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.”

 அப்பா உள்ளே போகச் சொல்லி ஜாடை காட்டினார். நான் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உங்கள் அம்மா செத்தது இந்த மாத்திரைகளால்தான், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது, நான்காவது மாத்திரை வலியை மறைத்துவிட்டது, கருப்பாகப் போகிறது என்று என்னிடம் கேட்டார், நான்தான் ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். கடையில் நின்ற மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கமே பார்க்காமல் அலமாரியில் பாட்டில்களை மாற்றி மாற்றி அடுக்கினார். 

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்று விரும்பினேன் என்றே சொல்லலாம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்ப இடுப்பு வலிக்கு நான் என்னதான் செய்ய?” என்றாள். “நாளைக்கு மிளகாய்க் காட்டுக்குப் போகணும்.”

நாலு வருஷம் படித்திருக்கிறேன். ரெண்டு நாள் ஓய்வெடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் போனாள். ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனதையும் பார்த்தேன். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பொட்டலம், தினசரித் தாளில் மடித்தது.

“அந்தக் கடையில மூணுதான் குடுத்தாக. அந்த வெள்ளித்தாள மட்டும் நீங்க குடுங்கக்கா.”

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. எரிந்தால் எரியட்டும், எரிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அந்த எரிச்சல்தான் உனக்குச் சொல்லும் என்றேன். எங்கள் அம்மாவுக்கு எரியக் கூடாது, எனக்கு மட்டும் எரியலாமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்றைத் தின்னப்போகிறவளுக்கு நான்காவதை மறுத்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிறுகுடலையாவது அது காப்பாற்றியிருக்கும். எரிச்சலே இல்லாமலும் பலருக்கு ரத்தம் கசியும். கரும்பலகையில் வரைந்த எந்தப் படமும் இதற்கு விடை சொல்லாது.

மறுநாள் முதல் எங்கள் கடையில் செட்டு இல்லை. நிறுத்தாவிட்டால் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா நிறுத்தினார். கூட்டம் போனது. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேயும் தொடர்ந்தது. எங்கள் பழைய ஆட்கள் போன கடையிலெல்லாம் வெள்ளித்தாள் மாத்திரை கேட்டார்கள். ஆறே மாதத்தில் எதிர்க் கடை செட்டில் நான்கு இருந்தன. திருச்சுழியிலும் மல்லாங்கிணற்றிலும் நான்கு என்று சரக்குக் கொண்டு வரும் ஆள் சொன்னார். என் படிப்பிலிருந்து அந்த வட்டாரத்துக்குக் கிடைத்தது அதுதான்.

தொண்ணூறுகளில் ஒமெப்ரசோல் வந்தது. கேப்சூல் கூட்டுக்குள் கடுகு மாதிரி வெள்ளை மணிகள். அமிலத்தில் நேராகப் பட்டால் கருநீலமாகிக் கெட்டுப்போகும் மருந்து அது, அதனால் ஒவ்வொரு மணிக்கும் பூச்சு போட்டு குடலில் கரைய வைத்தார்கள். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, அமிலம் ஊறும் செல்லுக்கே போய்ச் சேர்ந்து, அந்த அமிலத்தாலேயே உருமாறி, அமிலத்தை இறைக்கும் பம்பை அடைத்துவிடும். என்ன ஒரு மூளை என்று வியந்தேன். முன்பைப்போல நோட்டில் வரையவில்லை. வலி மாத்திரையால் இல்லாமல் போகும் அந்தப் பூச்சுப் பொருளையே மாத்திரையாகச் செய்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். அது எங்கள் ஊர் அலமாரிக்கு வரவில்லை.

அந்தப் பெண், அக்காவின் மகள், நாங்கள் செட்டை நிறுத்திய நாளிலிருந்து சந்தை நாள்தோறும் எதிர்க் கடைக்கு வந்தாள். என் பக்கம் திரும்ப மாட்டாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பும்போது நான் முகத்தைப் பார்ப்பேன். கறுப்பாக, ஒட்டிய கன்னத்தோடு இருந்தால் எனக்கு அந்த வாரம் நிம்மதி. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. கல்யாணமாகி, கையில் பிள்ளையோடும் வந்தாள்.

ஒரு சந்தை நாளில் எதிர்க் கடைக்காரர் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சத்தமாகப் பேசுகிறவர். மறுபடி சொன்னது எனக்குக் கேட்டது. என்னம்மா, கலர் வச்சிருச்சு போலயே என்றார். நான் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்தேன். அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் தாடையைப் பிடித்து இமையைக் கீழே இழுத்தேன். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன். ஒட்டுதா? நாறுதா? அவள் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ரத்தம் ஏற்றி, பல நாள் படுக்க வைத்துத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகும் என்னிடம் சரியாகப் பேசியதில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நடைதான். பிள்ளையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தபடி, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“எனக்கு வயிறு வலிக்கவே இல்லையேக்கா.”